லைசோசைம் எப்படி வேலை செய்கிறது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். வகுப்பில் முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் பற்றிப் பேச வேண்டும்.

129 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம்தான். பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை அது வெட்டும் அழகைப் படிக்கப் படிக்க ஆசை கூடுகிறது! 35ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் நீர் அண்டாத சூழலில் இருப்பதால் புரோட்டானை எளிதில் விடாமல் பிடித்து வைத்து, வெட்ட வேண்டிய பிணைப்புக்குக் கொடுக்கிறது. இதுவரை தெளிவு.

52ஆம் இடத்து அஸ்பார்ட்டேட்டில்தான் சிக்கல். 1965இல் இதன் வடிவத்தைக் கண்டறிந்த டேவிட் பிலிப்ஸ் குழுவின் விளக்கப்படி, வெட்டும்போது சர்க்கரையில் சற்று நேரம் உருவாகும் நேர்மின் இடைநிலையை அது மின்கவர்ச்சியால் தாங்குகிறது. என் பாடநூலும் அதையே சொல்கிறது. 2001இல் விதர்ஸ் குழுவோ, அது சர்க்கரையோடு சகப்பிணைப்பே ஏற்படுத்துகிறது என்று காட்டியது. ஆனால் அந்தச் சகப்பிணைப்பு இடைநிலையைப் பிடிக்க ஃபுளோரின் சேர்த்த சர்க்கரையும், 35ஆம் இடத்தில் குளூட்டமின் வைத்து மாற்றிய நொதியும் தேவைப்பட்டன.

இயல்பான நொதியிலும் அதுவே நடக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? யாராவது படிப்படியாக விளக்குங்களேன். மூலக்கூறு வடிவங்களைக் காட்டும் பைமால் மென்பொருளில் இந்த இரண்டு அமினோ அமிலங்களையும் சர்க்கரையோடு சேர்த்துக் காட்டத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த திங்கள்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவி.