அபிராடெரோன் மாத்திரை: நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி (ஆண் ஹார்மோனைக் குறைப்பதற்கு). இப்போது கூடவே தினமும் அபிராடெரோன் (அதே ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரை) 1000 மி.கி., பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 5 மி.கி. எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் சாப்பாட்டு நேரம்தான். அபிராடெரோனைச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து வெறும் வயிற்றில் போட வேண்டும், அப்புறம் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. உணவோடு போட்டால் மருந்து பல மடங்கு கூடுதலாக ரத்தத்தில் ஏறிவிடும். பிரெட்னிசோலோனோ சாப்பாட்டோடு. அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. காலையில் காபி இல்லாமல் பேச்சே வராத மனிதர் வேறு. சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? விடியற்காலையா, படுக்கப்போகும் முன்பா? ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியபோது உங்கள் டாக்டர் என்ன செய்தார்?

கர்ப்பிணிகள் அபிராடெரோன் மாத்திரையைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாதாம். மாசமாக இருக்கும் தங்கைதான் இதுவரை எடுத்துக்கொடுத்தாள், இனி நான்.

பிரஷர், பொட்டாசியம், கல்லீரல் டெஸ்ட் எல்லாம் அடிக்கடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், சரி. எலும்பு அடர்த்தி ஸ்கேன் யாராவது எடுத்தீர்களா? டோஸ் விஷயத்தை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். மூலிகை வைத்தியம் மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.