மல்லிகை வாசனை ஊற்றியதும் இறுகிப்போன சோப்பு

தோழிகளுக்கு வணக்கம். நாத்தனார் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கு ஒரு சோப்பு வைக்கலாம் என்று நானே கேட்டு ஏற்றுக்கொண்டேன். 40 கட்டி வேண்டும். ஒன்றரை வருடமாக வீட்டில் கோல்ட் ப்ராசஸ் சோப்பு (அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெயையும் காஸ்டிக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றுவது) போடுகிறேன் என்றாலும் எல்லாம் வாசனை இல்லாத வெறும் வெள்ளை சோப்புதான். விசேஷம் என்றதும் மல்லிகை வாசனையில் வெள்ளையும் பச்சையுமாகச் சுழி விட்டுப் போட ஆசை வந்துவிட்டது.

என் அளவு: தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் 600, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 140, தண்ணீர் 300, வாசனை 30. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாறும், லை கால்குலேட்டரில் (லை என்றால் காஸ்டிக் கரைத்த தண்ணீர், எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்று கணக்குப் போட்டுத் தரும்) போட்டுப் பார்க்காமல் தொடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக்கூடாது.

காஸ்டிக் தண்ணீர், எண்ணெய் இரண்டும் 40 டிகிரிக்கு ஆறியதும் கலந்தேன். நல்ல மோர்க்குழம்புப் பதம் வந்தது. இரண்டாகப் பிரித்து ஒன்றில் பச்சைக் களிமண் சேர்த்தேன். மல்லிகை வாசனை எண்ணெயை வெள்ளையில் ஊற்றி இரண்டு சுற்றுதான் சுற்றியிருப்பேன். கொழுக்கட்டை மாவு கிளறும்போது ஒரு நொடியில் திரண்டு கரண்டியோடு வருமே, அப்படித் திரண்டுவிட்டது. கரண்டியை இழுத்தால் பாத்திரமே கூட வந்தது. வெளியில் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. சுழிக்கு வழியே இல்லை. கையுறையோடு அள்ளி அச்சில் அழுத்தி வைத்தேன். பச்சைப் பாதியை வாசனை இல்லாமலே மேலே ஊற்றி மூடினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாள் கணக்கு அப்படி. சோப்பு காய ஆறு வாரம் வேண்டும், கையில் இருந்தது ஏழு வாரம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பூ வாசனைகள் பலவும், லவங்கம், பட்டை எண்ணெய்களும் சோப்பாகும் வேகத்தைக் கூட்டிவிடுமாம். நான் முதலில் கோலத்தை யோசித்தேன், வாசனையைக் கடைசியில் வாங்கினேன். சுழி போட எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்பதை வாசனைதான் முடிவு பண்ணுகிறது. அதனால் முதலில் வாசனை, அதைப் பார்த்துத்தான் கோலம்.

அடுத்த தடவை வெட்டிவேர் எண்ணெயும் கொஞ்சம் எலுமிச்சம்புல் எண்ணெயும் எடுத்தேன். முதலில் 100 கிராம் எண்ணெயில் மட்டும் போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியும் ஊற்றுகிற பதத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய அளவில் இறங்கினேன். கரித்தூள், சிவப்புக் களிமண் இரண்டையும் தனித்தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டேன். (கோலத்துக்கு விற்கிற காவி வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.) வாசனை சேர்த்த பிறகு பிளெண்டரைத் தொடவில்லை, கரண்டியால்தான் கலக்கினேன். வெள்ளை மாவை அச்சில் பாதிக்கு ஊற்றி, கறுப்பை ஒரு அடி உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விட்டேன். உயரத்திலிருந்து விட்டால் அடிவரை இறங்குகிறது, தாழ விட்டால் மேலேயே தங்குகிறது. பிறகு சிவப்பு, மறுபடி வெள்ளை. கடைசியில் புது ஈர்க்குச்சியை அடிவரை விட்டு எட்டு எட்டாக ஒரே ஒரு தடவை இழுத்தேன். இன்னொரு தடவை இழுக்கக் கை துடித்தது. இழுத்திருந்தால் எல்லாம் சாம்பல் நிறமாகியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து வெட்டினேன். முதல் துண்டு சாய்ந்ததும் உள்ளே கறுப்பு ஒரு இறகு மாதிரி விரிந்து, ஓரத்தில் நூல் கனத்துக்குச் சிவப்பு. அடுத்த துண்டில் அதே இறகு கொஞ்சம் நகர்ந்திருந்தது. வெள்ளை சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது, வெட்டிவேர் எண்ணெயின் நிறம் அது. எனக்கு அதுவும் பிடித்துவிட்டது. அதே வாரத்தில் இன்னும் இரண்டு தடவை போட்டு 40 தேற்றினேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

* * *

அக்கா, கோவையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு லவங்க எண்ணெயில் இதேதான் நடந்தது. வெனிலா இன்னொரு பாடம். ஊற்றும்போது அழகாக ஓடியது, சுழியும் நன்றாக விழுந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் வெள்ளைப் பகுதி முழுக்கக் கருப்பட்டி நிறம். வெனிலின் இருக்கிற எந்த வாசனையும் அப்படித்தான் செய்யும். இப்போது வெனிலாவைப் பழுப்பாக வரவேண்டிய பாதியில் மட்டும் சேர்க்கிறேன், வெள்ளையில் வாசனையே போடுவதில்லை.

* * *

திருச்சியிலிருந்து. நான் மஞ்சள் சுழிக்காகக் கிழங்கு மஞ்சள் தூளை நேராக லை தண்ணீரில் போட்டேன். ரத்தச் சிவப்பு! பயந்துபோய்க் கொட்டப் போனேன். என் அம்மாதான், "ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு போட்டா சிவக்குதுல்ல, அதுதான் இது" என்றார். காயக் காய இளம் ஆரஞ்சாக மாறியது. ஜன்னல் ஓரம் வைத்த கட்டி மட்டும் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது. அக்கா, இறுகிப்போன அந்த மல்லிகை சோப்பை என்ன செய்தீர்கள்?

* * *

திருச்சித் தோழிக்கு: தூக்கிப் போடவில்லை மா. உள்ளே இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை, மேலே திட்டுத் திட்டாக வெள்ளை. ஆனால் நல்ல சோப்பு, நுரையும் நன்றாக வருகிறது. அலமாரியைத் திறந்தாலே மல்லிகை மணக்கிறது. அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டேன். வெட்டிவேர் கட்டி ஒன்றை நேற்று நிறுத்தேன், வெட்டிய அன்று 104 கிராம், இப்போது 93. வளைகாப்பு வெள்ளிக்கிழமை. வியாழன் ராத்திரிதான் தாளில் சுற்றப் போகிறேன், அதுவரை காற்றாடட்டும்.