தாத்தா வண்டியின் பிளாக்

குழு: பெரிய வீடு

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் இன்ஜினைப் பிரித்தாயிற்று. பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறது. எப்படியும் செலவுதான், அப்படியே பவர் ஏற்றிவிடலாம் என்கிறார் பட்டறை அண்ணன். ஆர்.எக்ஸ். 135-இன் பெரிய பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), போர்ட்டிங் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் ஓட்டைகளை அரத்தால் பெரிதாக்குவது), ஹெட்டை 1 மி.மீ. தேய்ப்பது, பெரிய கார்புரேட்டர். சனிக்கிழமை லேத்துக்குப் போகிறது.

அம்மா: பவர் எதற்குடா? காலேஜ் எட்டு கிலோமீட்டர்.

தம்பி: மேட்டில் இழுக்கவே மாட்டேன் என்கிறதும்மா.

பெரிய மாமா: மாப்பிள்ளை, லேத்துக்கு அனுப்பாதே. பஸ்ஸில் இருக்கிறேன், வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். அதுவரை பிஸ்டனையும் பிளக்கையும் மண்ணெண்ணெயில் கழுவ விடாதே. அந்தக் கரிதான் என்ன நடந்தது என்று சொல்லும்.

பெரிய மாமா: வந்துவிட்டேன். பிஸ்டனின் சைலன்சர் பக்கம், அப்புறம் பிளக் முனை. வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடு.

தம்பி: (2 படங்கள்)

பெரிய மாமா: பார்த்தேன். பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. நன்றாக ஓடும் வண்டியில் அது ரஸ்க் நிறத்தில் இருக்கும். வெளுத்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. கலவை மெலிந்து சூடு ஏற ஏற பிஸ்டன் வீங்கி சிலிண்டரைப் பிடிக்கும். இருப்பதிலேயே சூடான இடம் சைலன்சர் பக்கம், அதனால்தான் கோடு அங்கே விழுந்திருக்கிறது.

தம்பி: கார்புரேட்டர் போன மாதம்தான் சர்வீஸ் செய்தது மாமா.

பெரிய மாமா: கார்புரேட்டரைத் தாண்டியும் காற்று நுழையும். மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல், அந்த ரப்பர் வளையம், காய்ந்து போயிருந்தால் அது வழியாக இழுக்கும். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் அதே கதை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதுவும் கலவையைக் கொஞ்சம் மெலிய வைக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். இதையெல்லாம் பார்க்காமல் பெரிய பிளாக்கை ஏற்றினால் அந்தப் பிஸ்டனும் இதே மாதிரி பிடிக்கும்.

தம்பி: சரி, சீல் எல்லாம் மாற்றிவிட்டு 135 பிளாக் போட்டால்?

பெரிய மாமா: கணக்கைப் பார். உன் வண்டி 50 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 98 சி.சி. கம்பெனி கொடுத்தது 11 குதிரைத்திறன். 135-க்கு போர் 58, ஸ்ட்ரோக் அதே 50, கணக்குப்படி 132 சி.சி. பிஸ்டன் தலையின் பரப்பு 35 சதவீதம் கூடுகிறது. அவ்வளவு அழுத்தமும் பிஸ்டனைத் தாங்கும் உன் பழைய கனெக்டிங் ராடிலும் அதன் அடியில் இருக்கும் பிக் எண்டு பேரிங்கிலும்தான் இறங்கும். அந்தப் பிளாக்கின் ஸ்லீவ் (உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்) உட்கார, அடியில் இருக்கும் கிராங்க் கேஸ் வாயையும் குடைய வேண்டும். குடைந்த கேஸைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது.

பெரிய மாமா: அப்புறம் முன் பிரேக். 130 மி.மீ. டிரம். 11 குதிரைக்கே அது அளவானதுதான்.

சித்தப்பா: ஆர்.சி.யில் 98 சி.சி. என்று இருக்கும்போது 132 சி.சி. ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் சிக்கல். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள். யோசித்துச் செய் கண்ணா.

தம்பி: அப்படியானால் போர்ட்டிங் மட்டும்? வெளியே ஒன்றும் தெரியாதே.

பெரிய மாமா: போர்ட்டிங் தப்பான வேலை இல்லை. தெரிந்தவன் கையில் அது பெரிய வித்தை. எக்ஸாஸ்ட் போர்ட், அதாவது புகை வெளியேறும் ஓட்டை, அதன் மேல் விளிம்பை 1 மி.மீ. தூக்கினால் அது திறந்திருக்கும் நேரம் கிராங்க் சுற்றுக் கணக்கில் ஏறத்தாழ 5 டிகிரி கூடும். பவர் மேல் ஆர்.பி.எம்.முக்கு ஏறிவிடும், கீழே இழுவை செத்துப்போகும். நீ கேட்பது மேட்டில் இழுவை. அதற்கு இது நேர் எதிர். ரேஸ் டிராக்கில் 8,000-க்கு மேலேயே வைத்து ஓட்டுகிறவனுக்குத்தான் அது. செட்டிபாளையம் டிராக்குக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே ஓடும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டால் உனக்கே புரியும்.

பெரிய மாமா: இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 1994-இல் இதே வண்டியில், அப்பாவுக்குத் தெரியாமல், நான் அரம் போட்டேன். போர்ட்டை உயர்த்தியதோடு நிற்காமல் அகலத்தையும் கூட்டினேன். விளிம்பைச் சரியாக மழுக்கவும் இல்லை. பிஸ்டன் ரிங் எப்போதும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அகலமான போர்ட்டைக் கடக்கும்போது அந்த ஓட்டைக்குள் பிதுங்கும். 7,500 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 125 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடவை அந்த விளிம்பைக் கடக்கிறது. மூன்று வாரம் பறந்தது. நாலாவது வாரம் ரிங் மாட்டி உடைந்தது. அன்றைக்கு வண்டி அப்பாவிடம் இருந்தது.

அம்மா: அது நீ செய்ததா? இத்தனை வருடமாக ஆயில் தீர்ந்து நின்றது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மாமா: அப்பா அப்படித்தான் உங்களிடம் சொன்னார் அக்கா.

நான்: பாட்டி குரல் பதிவு போடச் சொன்னார்கள், டவர் இல்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சூலூரிலிருந்து சிங்காநல்லூர் வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தார். சட்டை பிழிஞ்சா தண்ணி வடியும். ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு, பையனை எழுப்பாதேன்னார்."

பெரிய மாமா: நான் தூங்கவில்லை. மறுநாள் பிளாக்கைக் கழற்றிப் போர்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். அரம் பட்ட இடம் விரலுக்குத் தெரியாமலா போகும்? ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் புது பிளாக் வாங்கி, என்னை வைத்தே மாட்டினார். இப்போது உன் கையில் இருப்பது அதுதான்.

தம்பி: தெரியாது மாமா.

பெரிய மாமா: பிஸ்டன் தலையில் என்ன எண் அடித்திருக்கிறது?

தம்பி: 50.

பெரிய மாமா: அரை மில்லி ஓவர்சைஸ், அதாவது பிளாக்கை ஏற்கெனவே 0.50 மி.மீ. பெரிதாகக் குடைந்திருக்கிறது. இன்னும் 0.75, 1.00 என்று இரண்டு தடவை பாக்கி. 1.00 வரைக்கும் போனாலும் மொத்தம் 102 சி.சி.தான், இப்படிக் குடையும் ரீபோரால் பவர் வராது. பிளாக்கின் ஆயுளில் இருந்து ஒரு தோல் போகும், அவ்வளவே. அதனால் முதலில் சிலிண்டர் சுவரை லேசாக உரசி, ஹோனிங் செய்து, கோடு ஆழமா என்று பார்ப்போம். ஆழம் என்றால் 0.75. சீல் இரண்டும் புதிது, கார்ப் ரப்பர் புதிது, கிராங்க் அலைன்மென்ட். சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிள் குழாயிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் அடைந்திருக்கும் கரியை எடுத்தாலே மேட்டு இழுவையில் பாதி திரும்பிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றுவதா என்று வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்வோம்.

தம்பி: லேத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறைக்கே எடுத்து வருகிறேன். ஒன்று கேட்கட்டுமா? போர்ட்டிங் கற்றுக்கொள்ள ஆசை மாமா.

பெரிய மாமா: வா. நான் கெடுத்த பழைய பிளாக் பரணில் இருக்கிறது. புது ஸ்லீவ் அடித்துத் தருகிறேன், அதில் பழகு. ஆனால் முதல் நாள் அரம் கிடையாது. சிலிண்டருக்குள் வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து, விரலில் கரி தொட்டுத் தேய்த்தால் ஐந்து போர்ட் இருந்தாலும் ஐந்தும் தாளில் படியும். அதை விரித்து ஒவ்வொன்றின் உயரம், அகலம், எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று எழுது. அப்பாவின் பிளாக்கையும் அதே மாதிரி தாளில் எடுத்துப் பக்கத்தில் வைப்போம்.

தம்பி: சரி மாமா. டிகிரி வட்டம் நான் வாங்கி வருகிறேன்.

பெரிய மாமா: பிளாக்குக்கு அடியில் இருந்த பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. தடிமன் அளக்க வேண்டும்.