புதுப்பிப்பு: அப்பாவின் தொடையிடுக்குப் படை – கீட்டோகோனசோல் சோப்பு மட்டும் போதவில்லை

78 வயது அப்பாவின் தொடையிடுக்கு அரிப்புக்கு (பூஞ்சையால் வரும் படை) 2% கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த சோப்பு போதுமா என்று ஆறு வாரம் முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. படை இப்போது இல்லை.

பலன் தந்தது, "சோப்பைவிட ஈரத்தைக் கவனியுங்கள்" என்ற யோசனைதான். தினம் ஒருமுறை நுரையை இடுக்கில் மட்டும் தடவி, 3 நிமிடம் விட்டு, வழவழப்பு போகும்வரை கழுவினோம். மடிப்பில் தங்கும் சோப்பே எரிச்சல் தரும். பிறகு பருத்தித் துண்டால் ஒற்றி (தேய்க்கக் கூடாது), மின்விசிறிக் காற்றில் 5 நிமிடம் உலரவிட்டு, 1% க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு க்ரீமைக் காலை, இரவு மெல்லிசாகப் பூசினோம்; படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வரை. மூன்றாம் வாரம் சிவப்பு மறைந்தது. அதோடு நிறுத்தாமல் இன்னும் 2 வாரம் பூசினோம். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

எதிர்பாராதது இரண்டு. முதல் வாரம் உடம்பு முழுக்க அதே சோப்பைப் போட்டதில் முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு வெடித்து அரித்தது; படை பரவுகிறதென்றே நினைத்துவிட்டோம். வயதானவர்கள் தோலில் எண்ணெய்ப்பசை குறைவு. மற்ற இடங்களுக்கு மென்மையான சோப்பு, குளித்த ஈரத்தோடு வாசலின் என்று மாற்றியதும் அடங்கியது.

இன்னொன்று, கால்விரல் இடுக்கில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. அங்கிருந்துதான் துண்டு வழியாக மேலே ஏறியிருக்கிறது. அங்கும் க்ரீம் போட்டோம். பாதத்துக்குத் தனித்துண்டு வையுங்கள்.

மருந்துக்கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வேண்டவே வேண்டாம். அரிப்பு சட்டென்று அடங்கும், ஆனால் படை வெளியே தெரியாமல் பரவிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் பாருங்கள்.