யாழ்ப்பாணத் திருநெல்வேலி வீடு: குடும்பக் குழு

அம்மா: பிள்ளை, புது அறைக்கு மாறிவிட்டாய் என்று அப்பா சொன்னார். சாப்பாட்டுக்கும் குளிருக்கும் என்ன ஒழுங்கு செய்திருக்கிறாய் என்று விரிவாக எழுது. மச்சானும் சித்திரையில் ஆறு மாத ஆய்வுக்காக ஜேர்மனிக்கு வர இருப்பதால் அவனுக்கும் உதவும்.

சின்னவள்: அம்மா, குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்ளலாம், இங்கே முதலில் முடிக்க வேண்டியது வதிவிடப் பதிவு. குடிபுகுந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, நாங்கள் அவரது வீட்டில் குடியிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் கடிதம் கட்டாயம் வேண்டும். அந்தப் பதிவு முடிந்த பிறகுதான் வதிவிட அனுமதி, வரி இலக்கம், பல வங்கிகளில் கணக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஆகவே மச்சான், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கடிதம் தர மறுப்பவரிடம் அறை எடுக்கவே வேண்டாம்.

மச்சான்: மச்சாள், முதல் மாதம் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் தங்கினால் அந்த முகவரியிலேயே பதியலாமா?

சின்னவள்: அதை விடுதிக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். கடிதப்பெட்டியையும் மறக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் அப்பாவின் பெயரை எழுதினாலே கடிதம் வாசலுக்கு வந்துவிடும். இங்கே பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிராவிட்டால், வரி இலக்கமும் வங்கி அட்டையும்கூட அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பதிந்த பின்னர் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும். அது மாதம் 18.36 யூரோ, ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். கூடக் குடியிருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பதில் எழுதுங்கள்.

கோப்பாய் மாமா: மருமகள், மகனிடம் நெய்யும் கறிவேப்பிலையும் கொடுத்துவிடலாமா என்று மாமி கேட்கிறார்.

சின்னவள்: வேண்டாம் மாமா. பாற்பொருள்களையும் இறைச்சியையும் பயணப்பொதியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது; பச்சை இலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். மாமி வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் ஒடியல் மாவும் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் இங்கே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டு என்பதால் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

அம்மா: கோயிலுக்குப் போக வழி இருக்கிறதா, பிள்ளை?

சின்னவள்: இருக்கிறது அம்மா. ஹாம் நகரத்தில் 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கு, நான் இருக்கும் கெட்டிங்கன் நகரத்திலிருந்து காசலில் ரயில் மாறிப் போகலாம். நாடு முழுவதும் செல்லுபடியாகும் மாதச் சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ; விரைவு ரயில்களில் அது செல்லாது, நேரம் எடுக்கும், ஆனாலும் போய்வருவது மனதுக்கு ஆறுதல். மச்சான், அந்தச் சீட்டு மாதாமாதம் தானாகவே நீடிக்கும். நாடு திரும்பும் மாதத்தின் 10ஆம் திகதிக்குள் நிறுத்தச் சொல்லி அறிவிக்காவிட்டால் அடுத்த மாதத்துக்கும் காசு எடுப்பார்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் வதிவிடப் பதிவையும் நீக்க வேண்டும்.

மச்சான்: நல்லது மச்சாள். விடுதிக்கும், நகரத்தில் பார்த்து வைத்திருக்கும் அறையின் வீட்டுக்காரருக்கும் இன்றிரவே எழுதுகிறேன்.

சின்னவள்: எழுதுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நான் வாசித்துப் பார்க்கும்வரை முற்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.