எப்பவாவது வாற பியர் பெட்டியை ஆருக்குக் குடுக்கிறது, முதல் வந்தவைக்கோ வழமையான ஆக்களுக்கோ?

கடைக்கணக்கு (வவுனியா) எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். வவுனியாப் பக்கம் மாமான்ரை வைன் ஸ்ரோர்ஸிலை கணக்கும் ஸ்ரொக்கும் நான்தான் பாக்கிறன். வழமையா ஓடுற லாகர் பியர், ஸ்ரோங் பியர், சாராயம் இதுகளிலை ஒரு கரைச்சலும் இல்லை, லொறி வரும், இறக்குவம், விப்பம். கரைச்சல் என்னெண்டா கொம்பனியின்ரை விற்பனை ஆள், ரெப், இடைக்கிடை கொண்டுவாற வெளிநாட்டு பியரும் கொஞ்சமா மட்டும் வாற வேறை வகையளும்தான். ஒருக்கா ரெண்டு பெட்டி வரும், பிறகு மாசக்கணக்கா ஒண்டும் வராது, கொழும்பிலை பெரிய ஹோட்டல்களுக்கும் சுப்பர்மார்க்கெற்றுகளுக்கும் போய் மிஞ்சினதுதான் ஏ9 ஏறி எங்களிட்டை வருது எண்டு நினைக்கிறன்.

போன ஆவணி, மடுத் திருவிழாவுக்கு வந்த சனத்தாலை ஊர் நிறைஞ்சு கிடந்த நேரம், அப்பிடி ரெண்டு பெட்டி வந்திது. இறக்கி முடியமுதலே வெளிநாட்டிலையிருந்து வந்து நிண்ட ஒராள் வானைக் கொண்டுவந்து நிப்பாட்டி ரெண்டையும் கேட்டார், காசை எண்ணி மேசையிலை வைச்சார், மாமா குடுத்திட்டார். பின்னேரம் எங்கடை பழைய வாடிக்கையாளர் ஒருத்தர் வந்தார். பென்சன் எடுத்த வாத்தியார், கடை திறந்த காலத்திலையிருந்து வாறவர், மாசத்திலை ஒருக்கா ரெண்டு போத்தில் வாங்கி ஆறுதலாக் குடிக்கிற மனிசன். "வந்தா ஒரு சொல்லுச் சொல்லு தம்பி" எண்டு எப்பவோ சொல்லி வைச்சவர். முடிஞ்சுது ஐயா எண்டு சொல்ல அவர் ஒண்டும் பேசாமல் திரும்பிப் போனார். எனக்கு அது இண்டைக்கும் மனசிலை குத்திக்கொண்டு கிடக்கு.

இப்ப மாமா சொல்லுறார் ஆர் மாசத்திலை கூடக் காசுக்கு வாங்கினமோ அவைக்கு முதல் குடுப்பம், அதுதான் வியாபாரம் எண்டு. சிநேகிதன் ஒருத்தன் பொயின்ற் கார்ட் போடு எண்டுறான், இன்னொருத்தன் சீட்டுக் குலுக்கு எண்டுறான். வெளிநாட்டுக் கடையளிலை இதை எப்பிடிச் செய்யினம்? எங்கடை இடத்துக்கு எது சரிவரும்? தெரிஞ்ச ஆக்கள் வடிவா விளங்கப்படுத்துங்கோ.

முள்ளியவளைப் பெடியன் எழுதினது:

தம்பி நான் இப்ப கலிபோர்னியாவிலை இருக்கிறன், இங்கை இது ஒரு பெரிய விசயம், சனம் இதுக்காகச் சண்டையும் பிடிக்கும்.

முதல்லை ஒண்டு விளங்கவேணும், கடைக்காரனுக்கும் இதிலை பாதிக் கைதான். 1933 இலை மதுவிலக்கை எடுத்த பிறகு அமெரிக்காவிலை பியர் மூண்டு கை மாறித்தான் வாறது, காய்ச்சுறவன், பிறகு விநியோகஸ்தர், பிறகு கடை. சில மாநிலங்களிலை சின்ன புரூவறியள், அதாவது பியர் காய்ச்சுற இடங்கள், நேராவும் விக்கலாம், ஆனா பொதுவா இதுதான் ஒழுங்கு. கிடைக்காத பியர் வந்தா எந்தக் கடைக்கு எத்தினை பெட்டி எண்டு முடிவெடுக்கிறது விநியோகஸ்தர். அவர் பாக்கிறது அந்தக் கடை அந்தக் கொம்பனியின்ரை மற்றச் சாமானை வருசம் முழுக்க எவ்வளவு வித்தது எண்டதை. ஓடாத சாமானைத் தலையிலை கட்டி இதை எடுத்தாத்தான் அதைத் தருவன் எண்டு கடையை நெருக்கிறது இங்கை சட்டத்துக்கு மாறு, ஆனா வாயாலை சொல்லாமல் உணர்த்திற ஆக்கள் இருக்கினம் எண்டு கடைக்காரர் கதைப்பினம்.

கடைக்கு வந்தாப்பிறகு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. சில பேர் அப்பிடியே தட்டிலை வைச்சு ஆளுக்கு ஒண்டு எண்டு எழுதிப்போடுவினம். சில பேர் உள்ளுக்கை ஒளிச்சு வைச்சு முகம் தெரிஞ்சவைக்கு மட்டும். சில பேர் பொயின்ற், இவ்வளவு டொலருக்கு வாங்கினா ஒரு ரிக்கெற், ரிக்கெற் கூட இருந்தா குலுக்கலிலை வாய்ப்புக் கூட. கூஸ் ஐலண்ட் எண்ட சிக்காகோக் கொம்பனியின்ரை பேர்பன் கவுண்டி ஸ்ரவுற் எண்ட கறுத்த பியர், கார்த்திகையிலை வாற நன்றி சொல்லுற நாளுக்கு (தாங்ஸ்கிவிங்) அடுத்த வெள்ளிக்கிழமை வரும், அண்டைக்கு விடியமுதலே கடை வாசலிலை கதிரை போட்டுக்கொண்டு இருப்பினம். பென்சில்வேனியாவிலை மதுக்கடையளை மாநில அரசாங்கமே நடத்துது, அங்கை கிடைக்காத விஸ்கியளுக்கு அரசாங்கமே சீட்டுக் குலுக்குது.

எங்கடை பக்கம் சான்ரா ரோசா எண்ட ஊரிலை ரஷ்யன் ரிவர் எண்டொரு புரூவறி இருக்கு, 2005 இலை தொடங்கின பிளினி த யங்கர் எண்ட பியரை வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு கிழமை மட்டும் தங்கடை கடையிலை ஊத்துவினம். மணித்தியாலக்கணக்கா லைன். அவை செய்யிறது எனக்குப் பிடிச்சிருக்கு, ஆராயிருந்தாலும் லைனிலை நிக்கவேணும், ஆளுக்கு இத்தினை கிளாஸ்தான், பணக்காரனுக்கும் அதே கிளாஸ்தான்.

ஆனா நான் போற சின்னக் கடைக்காரர் லைனும் வைக்கிறேல்லை குலுக்குறதும் இல்லை. ஆருக்கு எது பிடிக்கும் எண்டு அந்தாளுக்குத் தெரியும். கறுத்த பியர் வந்தா எனக்கொரு மெசேஜ் வரும், புளிச்ச வகை வந்தா வேறை ஆளுக்குப் போகும். எவ்வளவு வாங்கினனி எண்டு பாக்கிறேல்லை, நீ இதை விரும்பிக் குடிப்பியோ எண்டுதான் பாக்கிறார். உங்கடை வாத்தியார் அப்பிடியான ஆள்தானே, அவருக்கு ஒரு போத்தில் எடுத்து வைக்கிறதிலை ஒரு பிழையும் இல்லை தம்பி.

பூநகரியான் எழுதினது:

நான் பியர்க்காரன் இல்லை, கள்ளு விக்கிற தவறணைக்காரன். பனை தென்னை வள கூட்டுறவுச் சங்கத்திலை கனகாலம் நிண்டவன், அதாலை பங்கிடுற விசயத்தைச் சொல்லலாம்.

பனங்கள்ளுக்குப் பருவம் இருக்கு. மாசி பங்குனியிலை நல்லா வரத் தொடங்கும், ஆவணி புரட்டாதியோடை விழுந்திடும், பிறகு தென்னங்கள்ளுத்தான். பருவத்திலை மிஞ்சுறது வடிசாலைக்குப் போகும், பருவம் முடியிற நேரம் முட்டி நிறையாது, ஆனா சனம் அதே சனம். அந்தக் கடைசிக் கிழமையளிலைதான் ஆர் நல்ல மனேச்சர் எண்டு தெரியும். நாங்கள் செய்தது ஆளுக்கு ஒரு போத்தில், இரண்டாவது கேட்டா எல்லாருக்கும் ஒருக்காக் குடுத்து முடிஞ்சாப் பிறகு. வயலிலை நிண்டு நேரம் பிந்தி வாறவைக்கெண்டு ஒரு பங்கு ஒதுக்கி வைச்சிருப்பம். அது முக்கியம் தம்பி. முதல் வந்தவைக்கு முதல் எண்டா கேக்க நீதி மாதிரித்தான் கிடக்கும், ஆனா பத்து மணிக்கு வரக்கூடியவன் ஆர்? வேலை இல்லாதவனும் லீவிலை வந்தவனும். கூலிக்குப் போனவனும் கடையிலை நிக்கிறவனும் ஆறு மணிக்குத்தான் வருவான், அவனுக்கு எப்பவும் வெறும் போத்தில்தான் மிஞ்சும்.

தனிப்பனைக் கள்ளு எண்டா அதுக்கு வேறை மரியாதை, ஒரு மரத்திலை இறக்கினதைக் கலக்காமல் தாறது. அது தவறணைக்கு வாறது அருமை, சீவுற ஆள்தான் தன்ரை விருப்பத்துக்கு ஆருக்கும் குடுப்பார், அதிலை சங்கம் தலையிடுறேல்லை. நாங்கள் தலையிட்டது பொதுவிலை வந்த கள்ளிலை மட்டும்தான்.

இன்னொண்டு, ஒதுக்கி வைக்கிறது எண்டா எங்கை வைக்கப்போறீர்? வன்னி வெய்யிலுக்குத் தகரக் கூரைக்குக் கீழை கிடந்தா எந்தப் பியரும் சரிவராது.

முள்ளியவளைப் பெடியன் எழுதினது:

அண்ணை சொன்னது சரி. கறுத்த ஸ்ரவுற், லயன் ஸ்ரவுற் மாதிரி 8.8 வீதம் மதுசாரம் இருக்கிறது கொஞ்சம் தாங்கும். லாகரும், ஹொப் எண்ட பூவின்ரை வாசம் கூடின வகையளும் சூட்டிலை கெதியா வாசம் போய்க் கடதாசி மாதிரி ருசிக்கத் தொடங்கும், பச்சைப் போத்திலும் வெள்ளைப் போத்திலும் வெளிச்சம் பட்டா மணமே மாறிப்போகும். ஒதுக்கினா பிரிட்ஜுக்குள்ளை ஒதுக்கு, ஒரு கிழமைக்கு மேலை வைக்காதை, வரேல்லை எண்டா அடுத்த ஆளுக்குக் குடு.

மாங்குளத்து அக்கா எழுதினது:

நான் குடிக்கிறேல்லை, ஆனா இதிலை எனக்கொரு கதை சொல்லக் கிடக்கு, நான் பெண்கள் சங்க வேலையாலை வீடு வீடாப் போறனான்.

தம்பி, உங்கடை மாமா சொல்லுற முறையிலை ஆருக்குப் பரிசு போகும் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. மாசத்திலை கூடக் காசுக்கு வாங்கிறது ஆர்? காலபோகம் வெட்டி நெல்லு வித்த காசு கையிலை இருக்கேக்கை நாளுக்கு நாள் வாறவர். அவற்றை மனிசி பிள்ளையின்ரை கொப்பிக்குக் காசில்லாமல் என்னட்டை வந்து நிக்கிறா. கூடக் குடிச்சா கூடப் பரிசு எண்டு ஒரு கார்ட் அடிச்சு அவற்றை கையிலை குடுத்தா அது அந்த வீட்டை இன்னும் கீழை இழுக்கும். கிளிநொச்சியிலை புதுசு புதுசா மதுக்கடை லைசென்ஸ் குடுத்த கதை 2024 இலை பாராளுமன்றம் வரைக்கும் போனது சும்மா இல்லை, சனத்துக்கு உள்ள வயித்தெரிச்சல் அவ்வளவு.

சட்டமும் இருக்கு. 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு விக்கேலாது, மதுவுக்கு விளம்பரம் செய்யேலாது, இலவசமாக் குடுக்கிறதும் தடை. பொயின்ற் சேத்தா ஒரு போத்தில் சும்மா எண்டு தொடங்கினா நீங்கள் மதுவரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

வாத்தியாருக்கு ஒரு போத்தில் எடுத்து வைக்கிறதிலை எனக்கு மறுப்பில்லை. அளவாக் குடிக்கிற மனிசனை மதிக்கிற கடை எண்டா அது நல்ல கடைதான். அளவை வைச்சு மட்டும் ஆளை அளக்காதேங்கோ.

அன்ற்வேர்ப்பன் எழுதினது:

பெல்ஜியத்திலையிருந்து எழுதுறன், பிறந்தது நெடுங்கேணி. இங்கை வெஸ்ற்விளெற்றெரன் எண்ட இடத்திலை சின்ற் சிக்ஸ்டஸ் மடம் இருக்கு, துறவியள் பியர் காய்ச்சுவினம். மடத்தின்ரை செலவுக்குக் காணுமான அளவுதான் காய்ச்சுவினம், கேள்வி கூடினது எண்டு கூட்டிறேல்லை. 2005 இலை இணையத்திலை பியர்ப் பிரியர்கள் அவையின்ரை 12 ஆம் நம்பர் பியரை உலகத்திலை முதலாவதாத் தெரிஞ்செடுக்க மடத்து வாசலிலை கார் வரிசை.

அவை என்ன செய்தவை எண்டா ரெலிபோனிலை பதிஞ்சிட்டுத்தான் வரலாம், கார் நம்பர் பிளேற்றைக் குடுக்கவேணும், ஒரே நம்பருக்கு 60 நாளுக்கு ஒருக்காத்தான், ஆளுக்கு இத்தினை பெட்டிக்கு மேலை இல்லை, வேறை ஆக்களுக்கு விக்கமாட்டன் எண்டு ஒத்துக்கொள்ளவேணும். 2019 இலை ரெலிபோனை விட்டிட்டு இணையத்துக்கு மாறினவை, அதிலை கனகாலம் வாங்காமல் இருந்த ஆளுக்கு முன்னுரிமை. இது எனக்கு நல்லாப் பிடிச்ச விசயம், கூட வாங்கினவனைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தவனை முன்னுக்கு எடுக்கினம்.

எங்கடை சனத்துக்கு இது புதுசில்லை. 2022 இலை பெற்றோலுக்கு கியூஆர் வந்தது ஞாபகம் இருக்கோ, நம்பர் பிளேற் கடைசி இலக்கம் பாத்து நாள், கிழமைக்கு இவ்வளவு லீற்றர் எண்டு. முதல் நாள் எல்லாரும் பேசினவை, பிறகு இரவிரவா லைனிலை படுக்கிறது குறைஞ்சதும் ஒத்துக்கொண்டவை. பங்கு குறைவு எண்டதுக்குச் சனம் அவ்வளவு கோவிக்கிறேல்லை, பக்கத்திலை நிக்கிறவனுக்கு என்னத்தாலை கூடப் போச்சுது எண்டு தெரியாட்டித்தான் கோவம் வரும். அதாலை தம்பி, எந்த முறை எண்டாலும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கோ, ஒளிச்சுச் செய்யாதேங்கோ. மேசைக்குக் கீழையிருந்து எடுத்துக் குடுக்கிறதை ஒருத்தர் கண்டா நாளைக்கு ஊர் முழுக்கக் கதை.

கடைக்கணக்கு (வவுனியா) எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னதை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு கார்ட் வேண்டாம் எண்டிட்டார்.

நான் இப்பிடிச் செய்யலாம் எண்டு நினைக்கிறன். வாற பெட்டியிலை பாதி தட்டிலை, ஆளுக்கு ரெண்டு போத்திலுக்கு மேலை இல்லை, வானிலை வந்தாலும் சைக்கிளிலை வந்தாலும் அதேதான். தட்டுப் பங்கிலையும் கொஞ்சத்தை அஞ்சு மணிக்குப் பிறகு வாறவைக்கு விடுறது, பூநகரி அண்ணை சொன்ன மாதிரி. மற்றப் பாதி ஒரு கொப்பியிலை பேர் எழுதி வைச்ச ஆக்களுக்கு, கேட்ட ஒழுங்கிலை, ஒருக்கா எடுத்தவர் கொப்பியின்ரை அடிக்குப் போவார். எவ்வளவு வாங்கினவர் எண்டு பாக்கிறேல்லை. முதல் பேரா வாத்தியாரை எழுதிப்போட்டன், அவர் எல்லாருக்கும் முதல் கேட்டவர்தானே.

ஒரு கேள்வி மிச்சம், வெளிநாட்டிலையிருந்து லீவுக்கு வாறவையும் கொப்பியிலை பேர் எழுதலாமோ?

பூநகரியான் எழுதினது:

எழுதட்டும், ஏன் விடக்கூடாது, அவையும் எங்கடை சனம்தான். ஆனா பியர் வாற நேரம் ஆள் ஊரிலை நிக்கவேணும். அண்ணன் எடுப்பார் மச்சான் எடுப்பார் எண்டு தொடங்கினா ஒரு வீட்டுக்கு நாலு பேர் கொப்பியிலை ஏறிவிடுவினம், அதைத் தொடக்கத்திலையே மறிச்சுப்போடும். வாங்கிக்கொண்டு போய் வெளியிலை கூட விலைக்கு விக்கிற ஆளெண்டு தெரிஞ்சா பேரை வெட்டும், லைசென்ஸ் இல்லாமல் விக்கிறது குற்றம், கடையின்ரை பேரும் சேந்து அடிபடும்.

மாங்குளத்து அக்கா எழுதினது:

கொப்பி மேசையிலை இருக்கட்டும் தம்பி, ஆனா இன்ன பியர் வந்திருக்கு எண்டு வெளியிலை போர்ட் வைக்கிறதோ பேஸ்புக்கிலை படம் போடுறதோ வேண்டாம், அது விளம்பரமாப் போயிடும். கொப்பியிலை உள்ள ஆளுக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னாக் காணும்.