சூடானால் ஸ்டார்ட் ஆகாத ஆர்எக்ஸ்-8: தள்ளிவிட்டு 350இசட் வாங்கலாமா?

ரோட்டரிக்காரன்:
வணக்கம். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2005 ஜூனில் பதிவான மஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின் வண்டி. 231 குதிரைசக்தி, ஆறு கியர், 71,000 மைல் ஓடியது. மூன்று வருடம் முன்பு ஒருவரிடம் நேரடியாக வாங்கினேன். வாங்கிய அன்று அதன் பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்ததைப் பார்த்து என் பையன் கைதட்டினான். அதற்கே பாதி விலை போயிற்று என்று வையுங்கள்.

இப்போது பிரச்சினை. காலையில் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து திருப்பினால் 'ர்ர்ர்… ர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறதே தவிர பற்றவில்லை. போன சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் ஐந்தாம் நம்பர் பம்பில் நின்றுவிட்டது. பின்னால் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார், பையன் பின்சீட்டிலிருந்து "அப்பா, தள்ளணுமா?" என்கிறான். தள்ளினேன். முக்கால் மணி நேரம் ஓரமாக நின்று, பஃப்ஸ் தின்று முடித்த பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் சேரும் அழுத்தம் பார்த்துவிட்டு, "92 பிஎஸ்ஐ, 150க்கு மேல் இருக்கணும், இன்ஜின் முடிந்தது" என்றார்கள். பிரித்துக் கட்ட 4,200 பவுண்டு. இன்னொரு பக்கம் பழைய கார் விற்கும் ஒருவர், என் வண்டியை இருக்கிற நிலையிலேயே 700 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டு, 2006 மே மாதம் பதிவான நிசான் 350இசட்டை 6,800க்குத் தருகிறேன் என்கிறார். 82,000 மைல். கையிலிருந்து 6,100 போட வேண்டும். கட்டுவதா, மாற்றுவதா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்.

பிஸ்டன்பித்தன்:
மாற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம். 1991இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் வைத்த மஸ்டா 787பி ஜெயித்த கதையைச் சொல்லித்தான் என் தலையிலும் ஒரு ஆர்எக்ஸ்-8ஐக் கட்டினார்கள். கதை உண்மைதான், ஆனால் அதைப் பெட்ரோல் டாங்கில் ஊற்ற முடியாது.

ஸ்பேனர்சாமி:
வெள்ளிக்கிழமைக் கெடு அவருடையது, உங்களுடையது இல்லை. முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். 1) பட்டறையில் எந்த மீட்டரில் பார்த்தார்கள்? சாதாரண வண்டிகளுக்குப் போடும் வட்ட மீட்டரா, ரோட்டரிக்கென்றே இருக்கும் மின்னணு மீட்டரா? 2) ப்ளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயில்கள் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? 3) ஸ்டார்ட்டர் பழசா? 4) தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? நான்காவதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

ரோட்டரிக்காரன்:
அண்ணா, வட்ட மீட்டர்தான், ஒரே ஒரு எண் சொன்னார்கள். காயில் நான் மாற்றவில்லை. முன்பு வைத்திருந்தவர் கொடுத்த பில்களிலும் இல்லை. ஸ்டார்ட்டரும் வண்டியோடு வந்ததாகத்தான் இருக்கும். ஓட்டுவது… வீட்டிலிருந்து ஸ்டேஷன் ஒன்றரை மைல். மாலையில் அதே ஒன்றரை மைல். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு மூன்று மைல். மாதம் ஒருமுறை லெஸ்டரில் அக்கா வீட்டுக்கு.

ஹரோ_அண்ணை:
தம்பி, நான் உந்த வழியால போய் வந்தவன். 2004 ஆர்எக்ஸ்-8 இருந்தது, குடுத்துப்போட்டு 350இசட் எடுத்தனான், நாலு வருசம் வைச்சிருந்தன். நல்ல கார், பொய் சொல்லேல்லை. மூன்றரை லிட்டர் வி6. எந்தக் கியரில கால் வைச்சாலும் இழுக்கும். ஆர்எக்ஸ்-8 மாதிரி ஒன்பதாயிரம் சுத்து வரைக்கும் மிரட்டத் தேவையில்லை. சூட்டில, குளிரில, மழையில எல்லாம் பத்தும்.

ஆனால் உங்கட பெடியனை எங்க இருத்தப் போறியள்? 350இசட்டுக்கு ரெண்டே ரெண்டு சீற்றுத்தான். பின்னுக்கு டிக்கியைத் திறந்தா குறுக்கால ஒரு பெரிய இரும்புச் சட்டம் கிடக்குது. வண்டியின்ர உடம்பை விறைப்பா வைக்கப் போட்டது, ஓட்டுறதுக்கு நல்லது. ஆனால் அரிசி மூட்டையை அதுக்கு மேலால தூக்கித்தான் வைக்கோணும். மனிசி முதல் நாளே கேட்டா: "இது காரோ, கட்டிலோ?"

இன்னொண்டு. மார்ச் 2006ஐ மறந்துபோட்டியள். 2001 மார்ச்சில இருந்து 2017 மார்ச் வரைக்கும் பதிஞ்ச கார்களுக்கு ரோட்டு வரி புகை அளவைப் பொறுத்தது. ரெண்டு காருமே உச்சப் பட்டியல்தான். ஆனால் 2006 மார்ச் 23க்கு முன்னம் பதிஞ்சது எண்டால், எவ்வளவு புகை விட்டாலும் கே பட்டியலோட நிக்கும். அதுக்குப் பிறகு பதிஞ்சது எண்டால் எம் பட்டியல். 2025 ஏப்ரல் கணக்குப்படி கே வருசத்துக்கு 430 பவுண்டு, எம் 760. உங்கட 2005 கார் கே. அவர் காட்டுற மே 2006 கார் எம். வருசா வருசம் 330 பவுண்டு சும்மா போகும். விக்கிறவர் இதை வாய் திறந்து சொன்னவரோ?

ரோட்டரிக்காரன்:
சொல்லவே இல்லை, அண்ணை! பையன் உட்கார இடம் பற்றியும் நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் எப்படி இருந்தேன் என்று வீட்டில் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை. ஸ்டேஷனுக்குத் தனியாகத்தானே போகிறோம் என்ற நினைப்பில் இருந்துவிட்டேன் போல.

ஸ்பேனர்சாமி:
சரி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்த 92 என்ற எண்ணை வைத்து இன்ஜினுக்குக் காரியம் செய்ய முடியாது. ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது. முட்டை மாதிரியான கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்று அறை. உங்கள் வண்டியில் இரண்டு ரோட்டர், ஆக ஆறு எண்கள் வர வேண்டும். வட்ட மீட்டர் மூன்று முகத்தில் எது அதிகமோ அதைப் பிடித்துவைத்துக்கொண்டு அதை மட்டும் காட்டும். ஒரு முகம் செத்துக் கிடந்தாலும் தெரியாது. அதற்கென்று உள்ள மீட்டர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும், கூடவே ஸ்டார்ட்டர் எத்தனை சுற்று சுற்றியது என்றும் சொல்லும்.

150 இருக்க வேண்டும் என்பதும் பிஸ்டன் வண்டிக் கணக்கு. இந்த இன்ஜின் புதிதாக இருக்கும்போதே, நிமிடத்துக்கு 250 சுற்றில், சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோதான், அதாவது 120 பிஎஸ்ஐ. குறைந்தபட்சம் 6.9 கிலோ, அதாவது 98. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இரண்டு ரோட்டருக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் கூடாது. இதில் முக்கியமானது அந்த 250 சுற்று. பழைய ஸ்டார்ட்டர் சோம்பேறியாகி 200 சுற்றுதான் சுற்றினால் எண் தானாகவே இறங்கும். அதை 250க்குக் கணக்குப் போட்டுத் திருத்தித்தான் பார்க்க வேண்டும். உங்கள் பட்டறை அதைச் செய்திருக்க வழியே இல்லை.

சூட்டில் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது? குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்து ரோட்டரின் முனைகளில் அழுத்தம் கசியாமல் தடுக்கும் ஏபெக்ஸ் சீலின் இடுக்கை அடைத்துக்கொள்ளும், பெட்ரோலும் கூடுதலாக வரும். சூட்டில் எண்ணெய் தண்ணீராகிவிடும். அப்போது ஸ்டார்ட்டரும் மெதுவாகச் சுற்றினால் பற்றும் அளவுக்கு அழுத்தம் சேராது. ஆகவே சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது சீல் தேய்ந்ததாலும் இருக்கலாம், ஸ்டார்ட்டரும் காயிலும் கிழடானதாலும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

காயிலை அலட்சியம் செய்யாதீர்கள். நான்கு இருக்கிறது, ரோட்டருக்கு இரண்டு. ஒன்று வலுவிழந்தால் எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும், புகை வெளியேற வழியில்லாமல் சூடு திரும்பி இன்ஜினைத் தாக்கும். பல ரோட்டரிகள் இந்த வழியாகத்தான் செத்தன, பழி மட்டும் சீலுக்கு. ப்ளக் மாற்றும்போது மேலே உள்ளதும் கீழே உள்ளதும் வேறு வேறு வகை என்பதை மாற்றுபவருக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கடைசியாக அந்த ஒன்றரை மைல். என்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். கரி படியும், பெட்ரோல் தேங்கும். 787பியை யாரும் ஒன்றரை மைல் ஓட்டி ஸ்டேஷனில் நிறுத்தவில்லை, பித்தன் சார்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பெட்ரோலும் ஸ்பார்க்கும் போகாதபடி பியூஸை எடுத்துவிட்டு, ஒரு ரோட்டரின் கீழ்ப் ப்ளக்கைக் கழற்றி, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிக் காதைக் கொடுங்கள். 'புஸ்-புஸ்-புஸ், புஸ்-புஸ்-புஸ்' என்று ஒரே சீராக வந்தால் மூச்சு இருக்கிறது. 'புஸ்-புஸ்-…' என்று மூன்றில் ஒன்று விட்டுப்போனால் சீல் உடைந்திருக்கிறது, அப்புறம் எந்த ஸ்டார்ட்டரும் காப்பாற்றாது.

பிஸ்டன்பித்தன்:
லிட்டர் லிட்டராக எண்ணெய் குடிப்பதையும் சொல்லுங்கள் சாமி. அதற்கும் ஏதாவது தத்துவம் வைத்திருப்பீர்களே.

ஸ்பேனர்சாமி:
தத்துவம் இல்லை, பம்பு இருக்கிறது. சீல் காயாமல் இருக்க எண்ணெயை அறைக்குள்ளேயே தெளிக்கிறார்கள், அது எரிந்துதான் ஆக வேண்டும். குடிக்கவில்லை என்றால்தான் பயம். இரண்டு முறை டாங்கை நிரப்பினால் ஒரு முறை எண்ணெய் அளவுக் குச்சியை உருவிப் பார்க்கணும், அவ்வளவுதான்.

ஹரோ_அண்ணை:
350இசட் பக்கமும் ஒரு வார்த்தை, நியாயமாச் சொல்லோணும். எடுக்கிறதெண்டால் 2007க்குப் பிறகு வந்ததாப் பாருங்கோ. பொனற்றில ஒரு புடைப்பு இருக்கும், சுத்து 7,500 வரைக்கும் போகும். அவர் காட்டுற 2006 கார் நடுவில வந்த இன்ஜின், சிவப்புக் கோடு 7,000. அதில சிலது எண்ணெய் குடிக்கும் எண்டு பெயர் வாங்கினது. எண்ணெய்க்குப் பயந்து ஓடிப்போய் எண்ணெய் குடிக்கிறதை எடுக்காதேங்கோ! காரின்ர நம்பரை எம்.ஓ.டி. (வருசா வருசம் செய்யிற கார்ச் சோதனை) தளத்தில போட்டால் பழைய சோதனை எல்லாம் வரும். முன் டயர் உள்பக்கம் தேய்ஞ்சது, சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் போனது எண்டு வருசா வருசம் எழுதியிருந்தால் வைச்சிருந்தவர் கவனிக்கேல்லை எண்டு அர்த்தம். உங்கட காருக்கும் அதைப் போட்டுப் பாருங்கோ, பின் சக்கர வளைவில துரு எண்டு எழுதியிருக்கோ எண்டு.

ரோட்டரிக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காதுச் சோதனை. மனைவி சாவியைப் பிடித்துக்கொண்டார், நான் சக்கரத்துக்கு மேலே குனிந்து நின்றேன், பையன் எண்ணினான். மூன்றும் வந்தன. பின் ரோட்டரில் சத்தம் கொஞ்சம் சோகமாக இருந்தது, ஆனால் மூன்றும் வந்தன.

பிறகு ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறைக்கு 40 மைல் ஓட்டிப்போய்ச் சோதித்தேன். ஸ்டார்ட்டர் 212 சுற்றுதான் சுற்றியது. திருத்திய எண்கள்: முன் ரோட்டர் 7.4, 7.2, 7.3. பின் ரோட்டர் 7.0, 6.9, 7.1. கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. செத்துப்போகவும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. "இன்னும் எவ்வளவு ஓடும்?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே "எப்படி ஓட்டுவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். ஸ்பேனர்சாமி அண்ணா நினைவுக்கு வந்தார்.

கழற்றிய காயில்களில் ஒன்றில் நூல் மாதிரி வெடிப்பு. வண்டி வெளிவந்த காலத்துக் காயில்களாகத்தான் இருக்கும் என்றார். நான்கு காயில், ப்ளக், பின்னாளில் வந்த வேகமான ஸ்டார்ட்டர், எல்லாம் சேர்த்து 640 பவுண்டு ஆயிற்று. திரும்பி வரும் வழியில் வேண்டுமென்றே அதே பெட்ரோல் பங்கில், அதே ஐந்தாம் நம்பர் பம்பில் நிறுத்தினேன். உள்ளே போய்ப் பணம் கட்டிவிட்டு, பத்து நிமிடம் பத்திரிகை புரட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். இரண்டு விநாடி. பற்றியது.

350இசட்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என் வண்டிக்கு 700இலிருந்து 1,300க்கு ஏறினார், அதிலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஒரு நாள் இன்ஜினைக் கட்டத்தான் வேண்டும், மாதம் 100 பவுண்டு தனியாக எடுத்துவைக்கிறேன். ஸ்டேஷனுக்கு இப்போது சைக்கிள். மழையில் கடுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டியை வெளியே எடுத்தால் இருபது மைலுக்குக் குறைந்து ஓட்டுவதில்லை. லெஸ்டர் அக்கா, நீ என்ன வாரா வாரம் வருகிறாய் என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பெட்ரோல் டாங்கில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கொஞ்சம் கலந்தால் சீலுக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார். கலக்கலாமா?

ஸ்பேனர்சாமி:
கலக்கலாம்.

பிஸ்டன்பித்தன்:
கலக்கக் கூடாது.

ஹரோ_அண்ணை:
தம்பி, இதைத் தனியாக் கேளுங்கோ. இஞ்சை கேட்டால் பொங்கல் வரைக்கும் முடியாது.